கேளுங்கள், சொல்கிறேன்: மர்மத் தொடர் விடை சொல்லாமல் முடியலாமா?

ஆறு மாதம் முன்பு ஒரு வாசகி, ‘ராத்திரி உட்கார்ந்து பார்க்க நல்ல மர்மத் தொடர் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தார். நான் ‘லாஸ்ட்’, ‘ட்வின் பீக்ஸ்’, ‘டார்க்’ மூன்றையும் சொல்லியிருந்தேன். பார்த்து முடித்தவர்களின் கடிதங்கள் இப்போது வரிசையாக வருகின்றன. பாதிப் பேருக்கு வருத்தம், சிலருக்குக் கோபம். எல்லாக் கடிதமும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: கடைசியில் விடை சொல்ல வேண்டாமா? அதனால் இந்த வாரம் முழுக்க இதற்கே. முடிவுகளைத் தொடாமல் பதில் சொல்ல வழியில்லை. இந்தத் தொடர்களை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, பார்த்த பிறகு எடுங்கள்.

கேள்வி: நானும் என் மகனும் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு எபிசோட் என்று கணக்கு வைத்து ‘லாஸ்ட்’ 121 எபிசோடும் பார்த்தோம். கடைசியில் எல்லோரும் ஒரு தேவாலயத்தில் கூடிக் கட்டிக்கொள்கிறார்கள், வெளிச்சம் வருகிறது, முடிந்துவிட்டது. விமானம் விழுந்தபோதே எல்லோரும் செத்துவிட்டார்கள், நடுவில் நடந்தது எதுவும் நிஜமில்லை என்கிறான் மகன். இரண்டு மாத ராத்திரி வீண். மர்மம் என்று ஆரம்பித்தால் எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிட்டுத்தானே முடிக்க வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் மகனுக்கு. தம்பி, விமானம் விழுந்த பிறகு தீவில் நடந்தது அத்தனையும் நடந்ததுதான். கடைசி சீசனில் விமானம் விழாமல் லாஸ் ஏஞ்சலீஸில் பத்திரமாக இறங்கியதுபோல இன்னொரு வாழ்க்கை காட்டினார்களே, அதுதான் மரணத்துக்குப் பிந்திய இடம். அவர்கள் ஒருவரையொருவர் மறுபடி கண்டுபிடிக்கத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட இடம். தேவாலயத்தில் கதாநாயகன் ஜாக்கிடம் அவன் அப்பா கிறிஸ்டியன் இதைச் சொல்லிவிடுகிறார்: எல்லோரும் என்றைக்காவது சாகிறவர்கள்தான், சிலர் உனக்கு முன்னால் போனார்கள், சிலர் உனக்கு ரொம்ப காலம் கழித்து வந்தார்கள். 2010 மே 23 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானபோதே பலர் உன்னைப்போலத்தான் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவு மட்டும் கிடப்பதைக் காட்டியது அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். அந்தக் காட்சி கதையில் சேர்ந்ததில்லை.

இப்போது உங்கள் கேள்வி. உங்கள் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம். திருச்சி தென்னூரில் பத்தொன்பது வருஷம் வாடகை நூலகம் நடத்தியவள் நான். புத்தகம் நாலு கை மாறினால் கடைசிப் பக்கங்கள்தான் முதலில் கழன்று விழும். விழுந்தால் ஒன்றிரண்டாக விழாது. பதினாறு பக்கம் ஒரு மடிப்பாகத் தைத்திருப்பார்கள், நூல் விட்டுப்போனால் பதினாறும் போய்விடும். துப்பறியும் நாவலில் அந்தப் பதினாறில்தான் எல்லாம் இருக்கும். ஒருமுறை ரயில்வே காலனியிலிருந்து வரும் ஒரு பெரியவர், அப்படிப் பக்கம் போன புத்தகத்தை மேஜைமேல் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலமே பாலக்கரையில் இன்னொரு நூலகத்தில் அதே நாவலை வாங்கி வந்து, கோடு போட்ட நோட்டுத் தாளில் பதினாறு பக்கத்தையும் கையால் எழுதினேன். மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். அப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. என் கையெழுத்தில் முடிந்த புத்தகம் முப்பதுக்கு மேல் இருந்தது. ஆகவே விடை முக்கியமில்லை என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

ஆனால் ‘லாஸ்ட்’ விடையே சொல்லவில்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. பனிக்கரடியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எபிசோடிலேயே வெப்பக் காட்டுக்குள் ஒரு பனிக்கரடி பாய்ந்து வருகிறது, விமானத்தில் வந்த சாயர் என்பவன் சுட்டுத் தள்ளுகிறான். எப்படி வந்தது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். மூன்றாவது சீசனில் அதே சாயரைப் பக்கத்துச் சின்னத் தீவில் ஒரு கூண்டில் அடைக்கிறார்கள். கூண்டுக்குள் ஒரு இயந்திரம். சரியான வரிசையில் அழுத்தி மிதித்தால் மீன் உருவத்தில் ஒரு பிஸ்கட் விழும். சாயர் ரொம்ப நேரம் போராடி வரவழைத்துவிட்டுப் பெருமையாக நிற்கும்போது, காவலாளி சொல்கிறான்: கரடிகளுக்கு இரண்டு மணி நேரம்தான் பிடித்தது. அவ்வளவுதான் விடை. ஆராய்ச்சிக்காரர்கள் கரடிகளைக் கொண்டுவந்து அந்தக் கூண்டுகளில் வைத்திருந்தார்கள். யாரும் திரையைப் பார்த்து நின்று விளக்கவில்லை. கரடியைச் சுட்டவனே கரடிக் கூண்டில் உட்கார்ந்து கரடித் தீனி தின்கிறான், நாம் புரிந்துகொள்கிறோம். நாலாவது சீசனில் துனிசியப் பாலைவனத்தில் கழுத்துப்பட்டையோடு ஒரு பனிக்கரடி எலும்புக்கூடு கிடைத்ததும் நினைவிருக்கும். விடை சொல்வதில் இப்படி ஒரு அழகு உண்டு.

அழகு கெட்ட இடங்களும் உண்டு. மூன்றாவது சீசனின் நடுவில் ஜாக்கின் கையில் பச்சை குத்தியது எப்படி என்று ஒரு முழு எபிசோட் வந்தது. யார் கேட்டார்கள் அதை? தொடர் எப்போது முடியும் என்று எடுத்தவர்களுக்கே தெரியாத காலம் அது. ரேட்டிங் இருக்கும்வரை ஓட்டு என்றால் மர்மத்தை இழுக்கத்தான் வேண்டும், இழுத்தால் சாயம் போகத்தான் செய்யும். தொடரை எழுதி நடத்திய டேமன் லிண்டலோஃபும் கார்ல்டன் க்யூஸும் முடிவுத் தேதி வேண்டும் என்று பேசி வாங்கினார்கள். இன்னும் 48 எபிசோட், 2010-ல் முடிவு என்று 2007 மே மாதம் அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு வந்த நாலாவது சீசன் எப்படி ஓடியது என்று நீங்களே பார்த்தீர்கள். முடிகிற நாள் தெரிந்த கதைதான் கேள்விகளைக் கணக்குப் பார்த்து வைக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடைசி சீசனில், முடிவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, இந்தத் தீவு என்ன என்பதற்குப் பெரிய விடையாக ஒரு எபிசோட் வைத்தார்கள். ஒரு குகை, உள்ளே பொன் நிறத்தில் வெளிச்சம், அதைக் காக்க ஒருத்தி. முதல் சீசனில் கண்டெடுத்த இரண்டு எலும்புக்கூடுகள் யார் என்பதும் அதில்தான் தெரியும். ஐந்தரை வருஷம் அலை மோதிய கேள்விக்கு ஒரு குகை வெளிச்சம்! எனக்கு நெஞ்சு காற்றுப் போனதுபோல ஆகிவிட்டது. அதைச் சொல்லாமலே விட்டிருந்தால் தீவு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். நான் ஒரு விடை குறைவாகக் கேட்ட ஒரே இடம் அது.

அப்படியானால் எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம்? நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். கேள்வியைக் கேட்பது யார் என்று பார்ப்பேன். கதைக்குள் இருக்கிற மனிதர் நெஞ்சறிந்து கேட்டு, விடை கிடைக்காமலே வாழ வேண்டியிருந்தால், அந்தக் கேள்வியை அவரோடு விட்டுவிடலாம். நாமும் அப்படித்தானே வாழ்கிறோம். ஆனால் அடுத்த வாரமும் நம்மை உட்கார வைப்பதற்காகத் தொடரே கிளப்பிவிட்ட கேள்வி என்றால் அது கடன். கட்டத்தான் வேண்டும். ‘லாஸ்ட்’ கட்டாத கடன்கள் இருக்கின்றன. வால்ட் என்ற பையனிடம் ஏதோ சக்தி இருக்கிறது என்று அவ்வளவு பயமுறுத்தினார்கள், அவனைக் கடத்திக்கொண்டு போகிற அளவுக்கு முக்கியமானவன் என்றார்கள். நடித்த பையன் மளமளவென்று வளர்ந்துவிட்டான், தீவிலோ சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, கதையிலிருந்து மெல்ல ஒதுக்கிவிட்டார்கள். ஐந்தாவது சீசனில் சாயரும் ஜூலியட்டும் போகிற படகைப் பின்னால் வரும் இன்னொரு படகு சுடுகிறது. ஜூலியட் திருப்பிச் சுடுகிறாள், யார்மேலோ படுகிறது. யார்மேல்? இன்றுவரை தெரியாது. இந்த இரண்டுக்காகவும் நீங்கள் கோபப்பட்டால் நானும் உங்கள் பக்கம்தான்.

விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கும். தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், சொன்னால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். ராஜா சொல்லிக்கொண்டே வருவார். கடைசிக் கதையில் ஒரு அப்பாவும் மகனும் காட்டு வழியில் இரண்டு பெண்களின் காலடித் தடம் பார்க்கிறார்கள். பெரிய தடத்துக்காரியை அப்பா கட்டுவது, சின்னத் தடத்துக்காரியை மகன் கட்டுவது என்று பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் தாயும் மகளும், பெரிய பாதம் மகளுக்கு! சொன்ன சொல் மாறாமல் அப்பா மகளையும் மகன் தாயையும் கட்டிக்கொள்கிறார்கள். இவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்கு விடை தெரியவில்லை. வாய் திறக்காமல் நடக்கிறார். அப்போதுதான் வேதாளம் தோளைவிட்டுப் போகாமல் தங்குகிறது. அந்த ஒரு மௌனத்தைச் சின்ன வயதில் நாங்கள் யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் அதுவரை கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவர் விடை சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கேள்வி: ‘ட்வின் பீக்ஸ்’ பார்த்தேன். லாரா பாமரைக் கொன்றது யார் என்று தெரிந்ததும் தொடர் சப்பென்று ஆகிவிட்டது. எடுத்த டேவிட் லிஞ்சுக்கே அதைச் சொல்ல விருப்பமில்லை என்று படித்தேன். கடைசிவரை சொல்லாமலே விட்டிருக்கலாமே?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் படித்தது சரி. 1990 ஏப்ரலில் ஆரம்பித்தபோது லிஞ்சும் கூட எழுதிய மார்க் ஃப்ராஸ்டும் அந்தக் கொலையை ஒரு வாசலாகத்தான் வைத்தார்கள். உள்ளே போய் ஊர்க்காரர்களோடு இருக்கவேண்டும், கொலை மெல்லப் பின்னால் போய்விட வேண்டும் என்பது எண்ணம். பார்த்தவர்கள் விடவில்லை, சேனலும் விடவில்லை. 1990 நவம்பர் 10 அன்று கொலையாளி யார் என்று காட்டினார்கள். பொன் முட்டையிடும் வாத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று லிஞ்ச் பின்னால் பலமுறை வருத்தப்பட்டார். தொடர் 1991 ஜூனில் நின்றுபோனது. சனிக்கிழமை ராத்திரிக்குத் தள்ளியதும் ஒரு காரணம் என்பதை மறக்கவேண்டாம்.

2025 ஜனவரியில் காலமான லிஞ்சை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் இந்த ஒன்றில் அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியாது. கொன்றது யார்? லாராவின் அப்பா. சொந்த வீட்டில், வருஷக்கணக்காக மகளைச் சீரழித்தவர். அவருக்குள் பாப் என்ற பேய் புகுந்திருந்தது என்று கதை சொல்கிறது, ஆனால் அந்த வீடும் அந்த மாடிப்படியும் அந்த அப்பா முகமும் பேய்க்கதை இல்லை. ஒரு பெண்ணுக்கு நடந்த இந்தக் கொடுமையைக் கதையின் நடுவில் வைத்துவிட்டு, யார் செய்தது என்று சொல்லாமல் அவள் புகைப்படத்தை மட்டும் அழகாகக் காட்டிக்கொண்டே இருந்தால் அது அவளுக்கு அநியாயம். லாராவே தன் டைரியில் எழுதி வைத்து, சொல்லவும் முடியாமல் தவித்தவள். அந்த விடை அவளுக்குச் சேர வேண்டியது.

அந்த எபிசோடை மறுபடி ஒருமுறை பாருங்கள். பாமர் வீட்டுக் கூடத்தில் இசைத்தட்டு முடிந்துபோய், முள் சுற்றிச் சுற்றி ஒரே சத்தத்தில் இடித்துக்கொண்டிருக்கிறது. அம்மா மாடிப்படியில் தவழ்ந்து இறங்குகிறாள். அப்பா கண்ணாடி முன் டையைச் சரிசெய்கிறார். ஊருக்கு இன்னொரு பக்கம், பாட்டு நடக்கும் ஒரு விடுதியில் கொலையை விசாரிக்க வந்த எஃப்பிஐ அதிகாரி கூப்பர் உட்கார்ந்திருக்கிறார். மறுபடியும் நடக்கிறது என்று அவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை கேட்கிறது. என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் வந்து, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று ஒரு கிழவர் சொல்லிப் போகிறார். பக்கத்து மேஜையில் லாராவின் தோழி டோனா ஏன் என்று தெரியாமலே அழ ஆரம்பிக்கிறாள். விடை சொன்ன அதே எபிசோடில் இவ்வளவு சொல்லப்படாமல் இருக்கிறது. கொலையாளி பெயர் தெரிந்ததால் என் பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

நீங்கள் சொல்கிற சப்பென்ற பகுதி அதற்கப்புறம் வந்த அத்தியாயங்கள். அதற்குக் காரணம் விடை சொன்னது இல்லை. அடுத்து என்ன என்று கையில் எதுவும் வைத்திருக்கவில்லை. 2017-ல் லிஞ்ச் திரும்பி வந்து 18 எபிசோட் எடுத்தபோது அதைச் சரிசெய்தார். அதன் கடைசிக் காட்சியில் கூப்பர் அந்தப் பழைய பாமர் வீட்டு வாசலில் குழம்பி நின்று, இது எந்த வருஷம் என்று கேட்கிறார். பக்கத்தில் லாராவின் முகத்தோடு நிற்கும் பெண் வீட்டை நிமிர்ந்து பார்க்கிறாள், உள்ளிருந்து லாராவின் அம்மா கூப்பிடும் குரல் மெல்லக் கேட்கிறது, வீறிட்டு அலறுகிறாள். விளக்குகள் அணைகின்றன. விடை இல்லை. நான் குறை சொல்லவில்லை. கேட்டது கூப்பர், நாம் இல்லை.

கேள்வி: விடையைத் தள்ளிப்போட்டுக் கெட்டுப்போன தொடர் ஒன்று சொல்லுங்களேன்.
– வாசகி, விருத்தாசலம்

பதில்: அமெரிக்காவில் எடுத்த ‘தி கில்லிங்’. ‘ரோஸி லார்சனைக் கொன்றது யார்?’ என்று விளம்பரத்திலேயே பெரிதாகப் போட்டு 2011-ல் ஆரம்பித்தார்கள். 13 எபிசோட் முடிந்தும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த வருஷம் ஜூனில்தான் விடை வந்தது, அதற்குள் பலர் விலகிவிட்டார்கள். இதன் மூலமான டென்மார்க் தொடர் 2007-ல் 20 எபிசோட் ஓடியது. ஆனால் எடுத்த கொலைக்கு அந்த 20-க்குள் விடை சொல்லி முடித்தது. மகளை இழந்த அந்த வீட்டுக்காரர்களின் துக்கத்தை அவ்வளவு நிதானமாகக் காட்டினார்கள், நேரம் போதாது என்று தோன்றவே இல்லை. வாசல் கதவில் கேள்வியை எழுதி ஒட்டிவிட்டு உள்ளே வந்தவரைப் பதில் சொல்லாமல் அனுப்பக்கூடாது.

கேள்வி: விடை சொல்லாமலே முடிந்து, உங்கள் மனதுக்கு நிறைவாக இருந்த தொடர் எது?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’. 2014 முதல் 2017 வரை மூன்று சீசன், 28 எபிசோட். டாம் பெரோட்டாவின் நாவலை வைத்து அவரும் லிண்டலோஃபும் உண்டாக்கியது. ஆமாம், ‘லாஸ்ட்’ எழுதி அத்தனை திட்டும் வாங்கிய அதே லிண்டலோஃப்.

2011 அக்டோபர் 14 அன்று உலக மக்களில் 2 சதவீதம், 14 கோடிப் பேர், ஒரே நொடியில் மறைந்துவிடுகிறார்கள். ஏன், எங்கே போனார்கள் என்று தொடர் கடைசிவரை காரணம் சொல்லாது. ஆரம்பத்திலேயே அதை உணர்த்தியும் விடுகிறது. கேள்வியைக் காட்டி ஆசை மூட்டுவதில்லை. மிச்சமிருப்பவர்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்றுதான் காட்டுகிறது. நோரா என்று ஒரு பெண். காலைச் சாப்பாட்டு மேஜையில் குழந்தை பழச்சாற்றைக் கொட்டிவிடுகிறது. துடைக்கக் காகிதம் எடுக்கத் திரும்புகிறாள். மறுபடி மேஜைப் பக்கம் பார்த்தால் புருஷன், இரண்டு பிள்ளைகள், மூவரும் இல்லை. கடைசியாகப் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள் என்பதுதான் அவளை அறுக்கிறது. அப்புறம் அவள் சேர்ந்த வேலை என்ன தெரியுமா? காணாமல் போனவர்களின் குடும்பத்தாரிடம் நீண்ட கேள்விப் பட்டியல் வைத்துக்கொண்டு விசாரித்து, பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கிற அரசாங்க வேலை. ஊரார் பொய்யைக் கண்டுபிடிக்கிறவள்.

கடைசி எபிசோடில், பல வருஷம் கழித்து, ஆஸ்திரேலியக் கிராமப்புறத்தில் தனியாக இருக்கும் அவளைத் தேடி, முன்பு அவளோடு வாழ்ந்த கெவின் வருகிறான். மேஜைக்கு இருபுறமும் உட்கார்கிறார்கள். மறைந்தவர்கள் இருக்கிற அந்தப் பக்கத்துக்குத் தான் போய்வந்ததாக அவள் சொல்கிறாள். அங்கே நிலைமை தலைகீழ்: அவர்களுக்கு நாம்தான் மறைந்தவர்கள், 98 சதவீதம் பேரும். தன் பிள்ளைகளைத் தூரத்திலிருந்து பார்த்தாள். அவர்கள் நன்றாக இருந்தார்கள். தான் அங்கே வேண்டாதவள் என்று புரிந்துகொண்டு திரும்பிவிட்டாள். இதில் ஒரு காட்சிகூடத் திரையில் காட்டப்படவில்லை. கேமரா நோராவாக நடித்த கேரி கூன் முகத்தைவிட்டு நகரவே இல்லை. உண்மையா, ஆற்றாமையில் கட்டிய கதையா? பொய்யைப் பிடிக்கிறவளே சொல்கிற கதை. கெவின் நம்புகிறேன் என்கிறான். நீ இங்கே இருக்கிறாயே என்கிறான். அவ்வளவுதான் முடிவு.

என் அக்காவும் நானும் சேர்ந்து பார்த்தோம். அவள் போயிருக்கமாட்டாள் என்கிறாள் அக்கா. போனாள் என்கிறேன் நான். சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இன்றும் இதைப் பேசுவோம். அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால் எங்களுக்குப் பேச என்ன இருந்திருக்கும்? அதைவிட, கெவினுக்கு நம்புவதற்கு என்ன இருந்திருக்கும்? பார்த்தபின் தெரிந்துகொள்வது வேறு, பார்க்காமல் நம்புவது வேறு. அதை அவனுக்காக மிச்சம் வைத்தார்கள்.

கேள்வி: நம்மூர் ‘மர்மதேசம்’ பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியலாமா?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: முடியக்கூடாது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கி, தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்த ‘விடாது கருப்பு’ ஓடிய ராத்திரிகளில் எங்கள் தெருவில் நாய் குரைப்பதுகூடத் தனியாகக் கேட்கும். தண்டிப்பது ஊர்க் காவல் தெய்வமா, மனிதக் கையா என்பதுதான் அதன் கேள்வி. மனிதர் கணக்கை மனிதரிடம் தீர்த்துச் சொன்னார்கள். கருப்பசாமியை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. மறுநாள் காலை கோயில் பக்கம் போகிறவர் கன்னத்தில் போட்டுக்கொள்வது போட்டுக்கொள்வதாகவே இருந்தது. இரண்டையும் சரியான இடத்தில் வைத்த வேலை அது.

கேள்வி: ‘டார்க்’ எடுத்தவர்களின் அடுத்த தொடர் ‘1899’ ஒரே சீசனில் நின்றுவிட்டதே. அதையும் விடை சொல்லாத முடிவு என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: வேண்டாம். மூன்று சீசன் என்று மனதில் போட்டு வைத்திருந்த கதை. 2022 நவம்பரில் 8 எபிசோட் வந்தது, 2023 ஜனவரியில் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இது என் கடையில் பதினாறு பக்கம் கழன்று விழுந்த புத்தகம் மாதிரி. எழுதினவர் விட்ட மௌனத்தையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசினால், எழுதினவருக்கு இரண்டாம் முறை நோகும்.

கேள்வி: நீங்கள் சொல்லித்தான் நானும் என் கணவரும் ‘டார்க்’ பார்க்க ஆரம்பித்தோம். யாருக்கு யார் என்ன உறவு என்று குழம்பிப்போய், அவர் ஒரு பெரிய தாளில் நாலு குடும்பத்துக்கும் பென்சிலால் பெட்டி பெட்டியாக வரைந்தார். இரண்டாவது சீசன் முடிந்த மறுவாரம் மாரடைப்பில் போய்விட்டார். அந்தத் தாள் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. சார்லட் பெட்டியிலிருந்து எலிசபெத்துக்கு ஒரு அம்பு, எலிசபெத்திலிருந்து சார்லட்டுக்கு ஒரு அம்பு, நடுவில் ஒரு கேள்விக்குறி. மூன்றாவது சீசனைத் தனியாகப் பார்க்க மனசு வரவில்லை. அவருக்குத் தெரியாத விடை எனக்கு எதற்கு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன்.

உங்கள் கணவர் போட்ட அந்த இரண்டு அம்புகளும் சரி. காலப் பயணத்தால் மகளே தாய்க்குத் தாயாகிற உறவு. விக்கிரமாதித்தன் வாய் திறக்காமல் நடந்த கணக்குக்குப் பக்கத்தில் வருகிற கணக்கு இது. அதைச் சரியாக வரைந்துவிட்டு, பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டிருக்கிறார் என்றால் அவர் தொடரை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது.

பாருங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் அவசரம் வேண்டாம். மனசு வருகிற அன்று ஆரம்பித்தால் போதும். மூன்றாவது சீசன் 8 எபிசோட்தான். அது வெளியான தேதி 2020 ஜூன் 27, கதைக்குள் அந்த ஊருக்கு அழிவு வருகிற அதே நாள். அவருக்குச் சொல்லியிருந்தால் ரசித்திருப்பார். நான் சொன்ன மூன்று தொடர்களில் ஏறக்குறைய எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டு முடிவது இது ஒன்றுதான். உங்கள் ஃபிரிட்ஜ் தாளில் பெயர் எழுதாத பெட்டிகள் இருந்தால் அவை நிரம்பும். அந்தத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் பென்சில் வீட்டில் இருந்தால் அதையே சீவிக்கொள்ளுங்கள். முடிந்தால் மகளையோ பக்கத்து வீட்டு அம்மாவையோ துணைக்கு உட்காரச் சொல்லுங்கள், அவர்களுக்குக் கதை புரியாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தத் தொடரில் வோல்லர் என்று ஒரு போலீஸ்காரர் வருவார், ஒரு கண்ணை மறைத்துக் கட்டியிருப்பார். கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பார்கள், அவர் சொல்ல வாயெடுப்பார், அதற்குள் ஏதாவது குறுக்கே வந்துவிடும். உங்கள் கணவரும் அதைக் கவனித்திருப்பார். அதை மட்டும் கடைசிக் காட்சி வரை சொல்லமாட்டார்கள். அது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியப்போவதில்லை.